தொப்பியும் துண்டும்

உடையைப் பார்த்துச் சிரிப்பது நாகரிகம் அன்று என்று நமக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அதிலும் திருப்பலி உடையைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அது பாவசங்கீர்த்தனத் தொட்டி வரைக்கும் போய்விடுமோ என்ற அச்சம் வேறு. ஆயினும், உறுதிபூசுதல் வழங்க ஆயர் வருகின்ற நாளில் முன்வரிசைச் சிறுவர்களின் கண்களைச் சற்றே கவனித்துப் பாருங்கள். அவை ஆயரின் முகத்தை நோக்குவதில்லை. அவர் தலைக்கு மேல் எழுந்து நிற்கும் இருகூர் முடியையே நோக்குகின்றன. அது எத்தனை முறை தலையில் ஏறிற்று, எத்தனை முறை இறங்கிற்று, இறங்கியதை வாங்கிக்கொண்ட பீடச்சிறுவன் அதை எப்படிப் பிடித்திருந்தான் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மறையுரையில் என்ன சொன்னார் என்று கேட்டால்தான் விழிப்பார்கள். அந்தச் சிறுவர்களின் பக்கம் நின்று கொஞ்சம் பேசிப் பார்ப்போம். அவர்களுடைய வியப்பில் பெரியவர்களாகிய நாம் மறந்துவிட்ட ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது: இந்த உடையெல்லாம் எதற்காக?

ஒரு செய்யுளைத் திறனாய்வது போல ஓர் உடையையும் திறனாயலாம். தமிழில் இழைக்கும் ஏட்டுக்கும் நூல் என்று ஒரே பெயர். பவணந்தி முனிவர் நன்னூலில் அப்பெயருக்குக் காரணம் கூறுமிடத்தில், சொற்களைப் பஞ்சாகவும் புலவனை நூற்கின்ற பெண்ணாகவும் உருவகம் செய்திருப்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். அடையாற்றங்கரையில் பல்லாவரத்தையும் பம்மலையும் அடுத்துள்ள அனகாபுத்தூரில் வாழும் நமக்கு அந்த உருவகம் இன்னும் நெருக்கமானது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனுள் அடங்கிய இவ்வூர் தலைமுறை தலைமுறையாக நெசவாளர் ஊர். துணியை இரு விரலால் தடவிப் பார்த்து அதன் தரத்தைச் சொல்லிவிடும் மக்கள் வாழ்ந்த ஊரில், பலிபீடத்தில் நிற்பவர் உடுத்துகின்ற துணியைப் பற்றி ஒரு கருத்து இல்லாமலா போகும்?

தலையிலிருந்தே தொடங்குவோம்.

ஆயர்களின் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு வட்டத் தொப்பியை இத்தாலியர் சுக்கெத்தோ என்பர். அவர்கள் மொழியில் அது பூசணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ‘குட்டிப் பூசணி’ என்று வைத்துக்கொள்ளலாம். ஆயருக்குச் செந்நீலம், கர்தினாலுக்குச் சிவப்பு, திருத்தந்தைக்கு வெண்மை. உச்சந்தலை மழிக்கப்பட்ட துறவியர் ஐரோப்பியக் குளிரில் நடுங்காமல் இருக்க ஏற்பட்ட ஏற்பாடு இது. நம் ஊரில் சித்திரை மாதத்து நண்பகலில் அது எந்தக் குளிரைத் தடுக்கிறது என்று கேட்கக் கூடாது. இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: சோலிதேயோ. ‘இறைவனுக்கு மட்டுமே’ என்பது அதன் பொருள். மன்னர் வந்தாலும் கழற்ற வேண்டாம், நற்கருணைக்கு முன் மட்டும் கழற்ற வேண்டும் என்பதால் வந்த பெயர். ஒரு சாண் துணியில் இவ்வளவு இறையியல் அடங்கும் என்றால், அதைத் தைத்தவர் கெட்டிக்காரர்தான்.

அடுத்தது பிரெட்டா என்னும் நாற்சதுரத் தொப்பி. இடைக்காலப் பல்கலைக்கழகங்களின் தொப்பிக்கும் இதற்கும் இரத்த உறவு உண்டு. இன்றைய பட்டமளிப்பு விழாக்களில் மாணவர் அணியும் சதுரத் தொப்பிக்கு இது ஒரு வகையில் பெரியப்பா. நான்கு மூலைகள் இருந்தும் முகடுகள் மூன்றே. நான்காவது முகடு எங்கே என்று தேடியவர்களுக்குச் சட்டம் சொன்ன விடை, முகடு இல்லாத பக்கம் இடப்புறமாக அமைய வேண்டும் என்பது. எங்கே போயிற்று என்ற கேள்விக்கு எந்தப் பக்கம் என்று விடை சொல்வது சட்டங்களின் பழைய வழக்கம்.

எல்லாத் தொப்பிகளிலும் வியப்புக்குரியது கர்தினால்மார்களின் கலேரோ. 1245-இல் லியோன் பொதுச்சங்கத்தின்போது நான்காம் இன்னொசென்ட் இந்தச் சிவப்பு நிற அகல விளிம்புத் தொப்பியைக் கர்தினால்மார்களுக்கு வழங்கினார். முதலில் அது வெயிலும் மழையும் தாங்கிய பயணத் தொப்பி. காலப்போக்கில் குஞ்சங்கள் பெருகின. தொப்பி பயணத்தை மறந்தது. பிற்காலத்தில், பதவி ஏற்பின்போது தலைக்கு மேல் ஒருமுறை காட்டப்பட்டு, பின் பெட்டிக்குள் வைக்கப்பட்டு, கர்தினால் இறந்தபின் அவருடைய கல்லறைக்கு மேலே ஆலயக் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. அது மக்கி விழுகின்ற நாளில் அவர் ஆன்மா உத்தரிக்கும் தலத்தை விட்டு விண்ணகம் ஏகும் என்று பாமர மக்கள் பேசிக்கொண்டார்கள். தலைக்குப் பயன்படாமலே கூரைக்குப் போய்விட்ட அத்தொப்பிக்கு 1969-இல் ஆறாம் பவுல் விடைகொடுத்தார். திருத்தந்தையரின் மும்முடியை அவர் அதற்கு முன்பே, 1964 நவம்பர் 13 அன்று, புனித பேதுரு பேராலயப் பலிபீடத்தில் வைத்து ஏழைகளுக்கென ஈந்திருந்தார். மூன்று வாரங்களுக்குள் நற்கருணை மாநாட்டுக்காக மும்பை வந்திறங்கினார். இந்திய மண்ணை மிதித்த முதல் திருத்தந்தை, முடியைத் துறந்த கையோடு வந்தார் என்பது நமக்கு இனிய செய்தி.

2005 டிசம்பரில் பதினாறாம் பெனடிக்ட், வெண்மயிர் விளிம்பு கொண்ட கமவுரோ என்னும் சிவப்பு வெல்வெட் குல்லாயை அணிந்து மக்கள்முன் தோன்றினார். உலகச் செய்தித்தாள்கள் அவரைக் கிறிஸ்துமஸ் தாத்தாவுடன் ஒப்பிட்டு மகிழ்ந்தன. குளிராக இருந்தது, அதனால் அணிந்தேன் என்று பின்னாளில் அவர் எளிமையாகச் சொன்னார். அதன்பின் அவர் அக்குல்லாயை அணியவில்லை. இந்தச் சிறு நிகழ்ச்சியில் நாம் தேடும் விடையின் ஒரு முனை கிடைக்கிறது. அம்முதியவர் ஒருவரே ஒரு குல்லாயை அது எதற்காகத் தைக்கப்பட்டதோ அதற்காகவே அணிந்தார், உலகம் சிரித்தது. காரணத்தை மறந்து அணியப்படுகின்றவற்றை உலகம் வணங்குகிறது.

இனி அந்தச் சிறுவர்களின் இருகூர் முடிக்கு வருவோம். மித்ரா என்பது கிரேக்கத்தில் தலையைச் சுற்றிக் கட்டும் நாடாவின் பெயர். ஏறத்தாழ 11-ஆம் நூற்றாண்டில்தான் அது ஆயர்களின் அடையாளமாகத் தெளிவாகத் தோன்றுகிறது. முதலில் கூர்கள் இரண்டும் காதுகளுக்கு மேல் இரு பக்கமாக இருந்தன. 12-ஆம் நூற்றாண்டில் முன்னும் பின்னுமாகத் திரும்பிக்கொண்டன. பின்னால் தொங்குகின்ற இரு பட்டைகளும் பழைய தலைக்கட்டின் எச்சம். முண்டாசு கட்டிய எவருக்கும் அந்த வால்முனை எதற்கென்று விளங்கும். அது அடிக்கடி ஏறி இறங்குவதற்கும் காரணம் உண்டு. ஆண் தலையை மூடிக்கொண்டு இறைவனிடம் வேண்டலாகாது என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதினார். ஆயர் அமரும்போதும் மறையுரை ஆற்றும்போதும் மித்ரா ஏறும், மன்றாடும்போது இறங்கும். சிறுவர்கள் எண்ணிக்கொண்டிருந்தது, அவர்கள் அறியாமலே, பவுலடியாருக்குத் திருச்சபை காட்டும் பணிவைத்தான்.

தலைக்கு ஒரே வடிவந்தான் என்று எண்ணவும் வேண்டா. 2012 நவம்பர் 24 அன்று மலங்கரை வழிபாட்டு மரபைச் சேர்ந்த பேராயர் பசேலியோஸ் கிளீமிஸ் கர்தினாலானபோது, உரோமைப் பிரெட்டாவுக்குப் பதிலாகத் தம் மரபுக்குரிய தலையணியைச் சிவப்பு நிறத்தில் பெற்றார். நமக்கு அண்டை மாநிலத்திலேயே, ஒரே திருச்சபைக்குள், வேறொரு தலை மரபு வாழ்கிறது.

தலையிலிருந்து தோளுக்கு இறங்கினால் கதை இன்னும் தெளிவாகிறது. திருப்பலி உடைகளில் ஏறத்தாழ ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் உரோமைத் தெருவில் எல்லாரும் உடுத்தியதே. நீண்ட வெள்ளை உள்ளங்கி அன்றைய சாதாரண உடை. மேலங்கி மழைக்கும் குளிருக்கும் போர்த்திய கம்பளிப் போர்வை. அதற்குக் காசுலா என்று பெயர். லத்தீனில் ‘சிறு வீடு’. கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு குடிசைக்குள் நிற்பது போல் இருந்ததால் வந்த பெயர். தெருவில் மோஸ்தர் மாறிற்று, பீடத்தில் மாறவில்லை. புனிதம் என்று நாம் கருதும் தொன்மை, உடை மாற்ற மறந்ததன் பயன். இப்படிச் சொல்வது இகழ்ச்சி ஆகாது. மறக்காமல் வைத்திருப்பதும் ஒரு வகை அன்புதான். பாட்டியின் சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பவரை யாரும் ஏளனம் செய்வதில்லை.

ஆனால் தொடக்ககாலத் திருச்சபை, உடையால் வேறுபடுவதை விரும்பவில்லை. 428-இல் திருத்தந்தை முதலாம் செலஸ்தீன் கால் நாட்டு ஆயர்களுக்கு எழுதிய மடலில், தனி உடை அணியத் தொடங்கிய குருக்களைக் கடிந்துகொண்டார். மக்களிடமிருந்து நாம் கல்வியாலும் வாழ்வாலும் வேறுபட வேண்டுமேயன்றி உடையால் அல்ல என்பது அவர் கருத்தின் சாரம். நம் கட்டுரையின் முதல் திறனாய்வாளர் அவரே.

அவ்வுடைகளுள் ஒரு சிறு துண்டு நமக்குத் தனியாக வேண்டும். முன்பு குருவானவர் திருப்பலியில் இடக்கையில் ஒரு குறுகிய பட்டையைத் தொங்கவிட்டுக்கொள்வார்; மூத்த வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். மானிப்புலுஸ் என்பது அதன் பெயர். தொடக்கத்தில் அது முகத்து வேர்வையைத் துடைக்கும் கைக்குட்டை. பின்னர் அதில் பொன் சரிகையும் சிலுவையும் ஏறின; ஏறியபின் அதைக்கொண்டு எதையும் துடைக்க இயலவில்லை. துடைப்பதற்கு வேறொரு கைக்குட்டையை அங்கிப் பைக்குள் வைத்துக்கொள்ள நேர்ந்தது! லத்தீனில் மானிப்புலுஸ் என்ற சொல்லுக்கு அரிக்கட்டு என்றும் பொருள். கண்ணீரோடு விதைத்தவர் கதிர்க்கட்டுகளைச் சுமந்து அக்களிப்போடு திரும்புவர் என்னும் திருப்பாடலின் லத்தீன் வடிவில் அச்சொல்லே வருகிறது. அதனால் அதை அணியும்போது சொல்லும் செபத்தில் கண்ணீரும் அறுவடையும் ஒரே சொல்லில் சந்தித்தன. வேர்வைத் துணியில் இவ்வளவு கவிதை! 1967 மே மாதம் முதல் அது கட்டாயமில்லை என்றாயிற்று. நம் ஆலயங்களில் மெல்ல மறைந்தது. அந்தக் கைக்குட்டையை நினைவில் வைத்திருங்கள். அனகாபுத்தூரில் அதை மறுபடியும் சந்திப்போம்.

நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி என்னும் தத்துவ போதகர் கறுப்பு அங்கியைக் கழற்றிக் காவி உடுத்தினார், பாதக்குறடு அணிந்தார், குடுமியும் பூணூலும்கூடத் தரித்தார். உடனிருந்த மறைப்பணியாளரே அவர்மேல் குற்றம் சாட்டினார். உரோமை வரை வழக்குப் போயிற்று. 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1656-இல் அவர் கண்மூடியது நமக்கு அருகிலுள்ள மயிலாப்பூரில். ஆனால் அக்காவி உடை எல்லாரோடும் பழக இடந்தரவில்லை. உயர்குலத்தாரை நெருங்க அணிந்த உடை, பிறரைத் தொலைவில் நிறுத்தியது. எனவே 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற இன்னொரு வகையினர், வேறு உடையோடு, மற்ற மக்களிடையே பணிசெய்யப் புறப்பட்டனர். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தர் அவ்வகையினரே. ஒரே நற்செய்திக்கு இரண்டு சாதி உடைகள் தேவைப்பட்டன என்பதை எண்ணும்போது நம் சிரிப்பு சற்றே அடங்குகிறது. நம் மண்ணில் துணி என்றுமே வெறும் துணியாக இருந்ததில்லை.

வீரமாமுனிவரைப் பற்றி முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதிய வரலாறு, பல்லக்கும் புலித்தோலும் பட்டுமாக ஓர் அரசகுருவின் கோலத்தை வருணிக்கிறது. அதில் மிகை உண்டு என்பர் ஆய்வாளர். மிகையோ உண்மையோ, அந்தக் கோலத்துக்குரியவராகக் காட்டப்பட்டவரே தமிழில் குருமாரைப் பற்றிய மிகச் சிறந்த நகைச்சுவை நூலையும் எழுதினார். பரமார்த்த குருவின் கதையில் தலைப்பாகைக்கு ஒரு தனி இடம் உண்டு. குதிரைமேல் செல்லும் குருவின் தலைப்பாகை மரக்கிளையில் சிக்கி விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் விட்டுவிட்டு வருகிறார்கள். விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு சினக்கிறார். உடனே ஒரு சீடன் ஓடிப்போய்த் தலைப்பாகையை எடுத்து, அதிலேயே குதிரைச் சாணத்தையும் ஏந்திக்கொண்டு வருகிறான். இது வேண்டா என்று, எவற்றை எடுக்க வேண்டும் என ஓலையில் பட்டியல் எழுதித் தருகிறார் குரு. பின் ஒருநாள் குருவே குதிரையிலிருந்து பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் பார்க்கிறார்கள். தலைப்பாகை இருக்கிறது, வேட்டி இருக்கிறது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவர் உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். குருவின் பெயர் பட்டியலில் இல்லை. ஆகவே அவரை அப்படியே விட்டுவிடுகிறார்கள்!

குழந்தைகளுக்கான வேடிக்கை என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் இக்கதை, உடை பற்றிய நம் சண்டைகளுக்கெல்லாம் உரைகல். பழைய லத்தீன் மரபின் சரிகைகளையும் பிரெட்டாக்களையும் ஒன்றுவிடாமல் சேர்ப்பவர் கையில் ஓர் ஓலை இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றியெறிந்தால்தான் எளிமை என்பவர் கையிலும் ஓர் ஓலை இருக்கிறது. பள்ளத்தில் கிடக்கும் ஆள்தான் இரண்டு பட்டியலிலும் இல்லை. உடையின் தகுதியை அளக்க நமக்கு வேண்டியது எளிய அளவுகோல்: இத்துணி உள்ளே இருக்கும் மனிதரையும் எதிரே இருக்கும் மக்களையும் நினைவில் வைத்திருக்கிறதா?

அந்த அளவுகோலால் பழைய சட்டம் ஒன்றை அளந்து பார்ப்போம். 19-ஆம் நூற்றாண்டின் உரோமை விதிப்படி குருவானவரின் வெள்ளை அங்கியும் பலிபீடத் துணிகளும் ஆளிச்செடி நாராலாகிய லினன் துணியாகவோ சணல்வகைத் துணியாகவோ இருக்க வேண்டும், பருத்தி கூடாது. மேலங்கிக்கோ பட்டு. பருத்தி விளையாத நாட்டில் எழுதப்பட்ட விதி, பருத்தியே வாழ்வான நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கப் பயண நூல் உறையூர்ப் பகுதியின் மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகிறது. உரோமையர் தம் ‘சிறு வீட்டை’ நமக்குத் தரும் முன்பே நம் மெல்லிழைத் துணி அவர்கள் சந்தைக்குப் போய்விட்டது. அத்தகைய நாட்டுப் பருத்தி, பல தலைமுறைகளாகப் பலிபீடத்தின் படியேற அனுமதி பெறவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் கதவைத் திறந்தது. 1963-இல் வெளியான திருவழிபாட்டு ஏடு, வழிபாட்டு உடைகளிலும் வெறும் ஆடம்பரத்தைவிட உயரிய அழகையே நாட வேண்டும் என்று பணித்தது. பின்வந்த உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை அந்தந்த நாட்டின் இயற்கை இழைகளை ஏற்றுக்கொண்டது. அழகு அணிகலன்களின் குவியலிலிருந்து வராமல் துணியிலிருந்தும் வடிவிலிருந்தும் வரவேண்டும் என்றது. 1969 ஏப்ரல் 25 அன்று, இந்திய ஆயர்கள் முன்வைத்த பன்னிரண்டு அம்சங்களுக்கு உரோமை ஒப்புதல் தந்தது. ஆரத்தி, குத்துவிளக்கு, கைகூப்பு ஆகியவற்றோடு, எளிய ஒற்றை மேலங்கியும் அங்கவஸ்திரமும் பழைய உடைகளுக்கு மாற்றாகலாம் என்பதும் அவற்றுள் அடங்கும். நம் தமிழ் மண்ணின் மைந்தர் அமலோர்பவதாஸ் அடிகள் பெங்களூரு தேசிய மையத்தில் இருந்துகொண்டு இம்முயற்சிக்கு உயிரூட்டினார். குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் தோன்றிய சச்சிதானந்த ஆசிரமம் அதற்கு முன்பே காவி உடுத்தி வழிகாட்டியிருந்தது.

இம்முயற்சி வீட்டில் பிறந்தது. ஆயினும் வீட்டின் எல்லா அறைகளையும் பார்த்துவிட்டதா என்ற கேள்வி எழுந்தது. தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர் கேட்டது நியாயமே: அங்கவஸ்திரம் யாருடைய தோளில் கிடந்தது? காவி யாருடைய துறவு? தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்ததற்காக அடிபட்டவர்களின் நாடு இது. பெரியவர் எதிரே வந்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கவோ இடுப்பில் கட்டவோ வேண்டும் என்று பழக்கப்படுத்தப்பட்ட மக்கள், பீடத்தில் பளபளக்கும் அங்கவஸ்திரத்தைக் கண்டு தம் வீட்டு உடை என்று எப்படி மகிழ்வர்? இந்தியத்தன்மை என்ற பெயரில் மேல்தட்டின் அலமாரி மட்டுமே திறக்கப்பட்டால், லத்தீன் அலமாரிக்குப் பதில் இன்னொரு பூட்டிய அலமாரி வந்தது என்பதே பொருள்.

இவ்வளவு விவாதத்துக்குப் பின்பும் இன்று நம் பங்குகளில் நடப்பது என்ன? லத்தீனும் வெல்லவில்லை, காவியும் வெல்லவில்லை, பாலியெஸ்டர் வென்றது. கடைகளில் தொங்கும் திருப்பலி உடைகளைப் பாருங்கள். நெஞ்சில் திராட்சைக் குலை, பக்கத்தில் கோதுமைக் கதிர், நடுவில் கிண்ணம், கிண்ணத்துக்கு மேல் அப்பம், அப்பத்துக்கு மேல் புறா, புறாவைச் சுற்றிக் கதிர்கள். எல்லாம் எந்திரத் தையல். ஒரே செய்யுளில் எல்லா அணியையும் திணித்த புதுப்புலவர் போல் உடை மூச்சுத் திணறுகிறது. உள்ளே இருக்கும் குருவானவரும் மூச்சுத் திணறுகிறார்; வைகாசி வெயிலில் நைலான் நூல் வேர்வையை உறிஞ்சுவதில்லை. குழல்விளக்கில் உபயதாரர் பெயரை எழுதுவது போல் உடையின் முதுகில் எழுதும் வழக்கம் இன்னும் வராதது ஆறுதல். மறுபக்கம், நேரமில்லை என்று சட்டைக்கு மேல் ஒரு தோள்பட்டையை மட்டும் போட்டுக்கொண்டு விரையும் எளிமையும் உண்டு. ‘பாருங்கள், நான் எவ்வளவு சாதாரணமானவன்’ என்று அதுவும் ஒரு வகையில் தன்னையே காட்டிக்கொள்கிறது. திருப்பலி உடையின் சிறப்பே ஆளைக் காட்டாதது: குட்டையானவரும் நெட்டையானவரும், செல்வர் மகனும் கூலிக்காரர் மகனும் அதற்குள் ஒன்றாகிவிடுகிறார்கள்.

2022 சூன் மாதம் சிசிலி குருக்களிடம் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், சங்கம் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் சரிகைப் பின்னல்களா என்று வினவி, பாட்டிக்கு எப்போதாவது மரியாதை செய்யலாம், எப்போதுமா என்று சிரிக்கவைத்தார். 2013-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாலையில் அவர் அணியாது விட்ட சிவப்புத் தோளாடையை, 2025 மே 8 அன்று பதினான்காம் லியோ அணிந்து மாடத்தில் தோன்றினார். இரண்டையும் வைத்து உலகம் பெரிய அரசியல் பேசிற்று. ஓலையோடு ஓடும் சீடர்கள் இரு பக்கமும் இருந்தார்கள்.

இனி நம் கைக்குட்டை. ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் கட்டம் போட்ட பருத்தித் துணியொன்று சென்னையைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சதுரம் சதுரமாக வெட்டும்படி நெய்யப்பட்டதால் கைக்குட்டை என்ற பெயர். அங்கே அதை உடையாகவே உடுத்தினர். நைஜர் ஆற்றுக் கழிமுகத்துக் கலபாரி மக்கள் அதற்கு ‘இன்ஜிரி’ என்று பெயரிட்டுப் பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளில் போற்றினர். அனகாபுத்தூர்த் தறிகளும் அந்தத் துணியால் வாழ்ந்தன. 1970-களில் நைஜீரியா துணி இறக்குமதியைத் தடைசெய்ததும் தறிகள் தடுமாறின. பலர் வேறு தொழிலுக்குப் போயினர். எஞ்சிய சிலர் வாழை நார், கற்றாழை நார், அன்னாசி நார் என்று புதுவழி தேடினர். 25 வகை இயற்கை இழைகளைக் கொண்டு துணி நெய்து லிம்கா சாதனை நூலிலும் இடம்பெற்றனர்.

சற்றே நின்று இதை எண்ணிப் பாருங்கள். நம் ஊரில் நெய்த கைக்குட்டை, கடலுக்கு அப்பால் ஒரு மக்களின் சடங்கு உடையாயிற்று. உரோமையின் சடங்குக் கைக்குட்டையோ கண்ணாடிப் பேழைக்குள் போயிற்று. நம் பீடத்தின் உடை, யார் கை பட்டது என்றே தெரியாத எந்திரத்திலிருந்து வருகிறது. தறியும் பீடமும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று அறியவில்லை. இங்கேதான் நாம் நகைப்பை நிறுத்திக்கொண்டு ஒரு கோரிக்கை வைக்கிறோம். ஆண்டின் பெரும்பகுதி பொதுக்காலம், பச்சை உடை. ஒரு பங்குக்கு ஒரு பச்சை மேலங்கி, உள்ளூர்த் தறியில், பருத்தியிலோ பருத்தியோடு வாழை நார் சேர்த்தோ, எந்தப் பூவேலையும் இன்றி, கரையில் மட்டும் நெசவிலேயே அமைந்த ஒரு சிலுவையோடு நெய்யப்படட்டும். திருச்சபைச் சட்டம் இடந்தருகிறது, வெயில் வேண்டுகிறது, தறி காத்திருக்கிறது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். பலிபீடத்தோடு சேர்ந்த வாழை நாருக்கு மட்டும் அந்தப் பேறு கூடாதா?

அதை அங்கவஸ்திரம் என்று அழைக்கவும் வேண்டியதில்லை. துண்டு என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. உழவர் தலையில் முண்டாசாகவும், மூட்டை தூக்குபவர் தலையில் சும்மாடாகவும், குழந்தைக்குத் தூளியாகவும், களைத்தவருக்குக் கைக்குட்டையாகவும் அது உழைக்கிறது. தலையணியும் தோளணியும் துடைக்கும் துணியும் அதுவே; உரோமை மூன்று பெயரிட்டுப் பிரித்ததை நம் மக்கள் ஒரே துணியில் வைத்திருக்கிறார்கள்.

யோவான் நற்செய்தியில் இரண்டு துணிகள் வருகின்றன. இராவுணவின்போது ஆண்டவர் மேலுடையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறார். பெரியவர் முன் எளியவரைச் செய்ய வைத்த அதே செயலை, பெரியவரே எளியவர் முன் செய்கிறார். நம் நாட்டுத் துண்டின் வரலாறு முழுவதும் அங்கே தலைகீழாகிறது. மறுநாள் சிலுவையடியில் அவருடைய உள்ளங்கியைப் படைவீரர் கிழிக்காமல் சீட்டுப் போடுகிறார்கள். ஏனெனில் அது தையலே இன்றி மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாக இருந்தது. அதை நெய்தவர் யாரென்று நற்செய்தி கூறவில்லை. ஆயினும், நெசவு நன்றாக இருந்ததைக் கவனித்து எழுதிவைத்தது.

நம் பங்குப் பேரவைகளிலும் அந்தக் கவனம் வரட்டும். அடுத்த முறை புதிய திருப்பலி உடை வாங்கும் பேச்சு எழும்போது, கடையின் விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் தறி இருக்கும் தெருவுக்கு ஒருமுறை நடந்துபோய், துணியைத் தடவிப் பார்த்து, நெய்பவரின் பெயரையும் கேட்டுக்கொண்டு வருவோம். முன்வரிசைச் சிறுவர்களையும் உடன் அழைத்துச் செல்வோம். அவர்கள்தாம் நம் எல்லாரையும்விட நன்றாகக் கவனிப்பவர்கள்.